ரக்பி ஆட்டம் டிராவானால் ரசிகர்கள் ஏன் திருதிருவென்று விழிக்கிறார்கள்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஈடன் பார்க் என்றொரு மைதானம் இருக்கிறது. 1971 ஆகஸ்டில் அங்கே ஒரு ரக்பி டெஸ்ட், அதாவது சர்வதேச ஆட்டம், 14-14 என்று சமனில் முடிந்தது. 2017 ஜூலையில் அதே மைதானத்தில், அதே இரு அணிகளுக்கிடையே இன்னொரு டெஸ்ட் 15-15 என்று முடிந்தது. ஒரு பக்கம் ஆல் பிளாக்ஸ் என்று உலகம் அழைக்கும் நியூசிலாந்து. மறுபக்கம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் ஒன்றுசேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ். இரண்டுமே தொடரின் கடைசி ஆட்டங்கள்.

முதல் டிராவை லயன்ஸ் ரசிகர்கள் இன்றுவரை வெற்றியாகத்தான் கொண்டாடுகிறார்கள். ஏனென்றால் அந்த ஆட்டத்துக்கு முன்பே அவர்கள் தொடரில் 2-1 என்று முன்னிலையில் இருந்தார்கள். தோற்காமல் இருந்தால் போதும் என்ற நிலை. ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் வெகு தூரத்திலிருந்து உதைத்த டிராப் கோல் கம்பங்களுக்கு நடுவே போனது, தொடர் கைக்கு வந்தது. நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் வென்ற ஒரே தொடர் அதுதான்.

இரண்டாவது டிரா முடிந்தபோது தொடரும் 1-1 என்று சமனாகிவிட்டது. விசில் ஊதிய பிறகு வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்வையாளர்களும் அப்படியே. பாடுவதா, தலையில் கை வைப்பதா என்று ஒருவருக்கும் புரியவில்லை. கடைசியில் இரு அணித் தலைவர்களும், கீரன் ரீடும் சாம் வார்பர்டனும், ஆளுக்கொரு கையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் ரசிகனுக்குத் திருப்தி இல்லை.

ஒரே மைதானம், ஏறக்குறைய ஒரே ஸ்கோர், ஆனால் உணர்வு முற்றிலும் வேறு. ரக்பியில் டிராவைப் புரிந்துகொள்ள ஸ்கோர்பலகை உதவாது என்பதுதான் நான் சொல்ல வருவது. எங்கிருந்து அந்த ஸ்கோருக்கு வந்து சேர்ந்தார்கள், யார் கடைசியாக எட்டிப் பிடித்தார்கள், யாருக்கு அது போதும் என்று இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு டிராவும் இரண்டு தரப்புக்கும் இரண்டு தனித்தனி முடிவுகள்.

முதலில் அடிப்படைக் கணக்கைப் பார்த்துவிடலாம். நான் பேசுவது ஒரு பக்கம் 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றினால் அது டிரை, 5 புள்ளி. அதற்குப் பிறகு பந்தைக் கோல்கம்பங்களுக்கு நடுவே உதைக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். அது கன்வர்ஷன், 2 புள்ளி. எதிரணி விதியை மீறினால் கிடைக்கும் பெனால்டியைக் கோலாக உதைத்தால் 3. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் போட்டு எழும்பும் கணத்தில் உதைக்கும் டிராப் கோலுக்கும் 3. ஆக, ஸ்கோர் 3, 5, 7 என்று தாவித் தாவித்தான் நகரும். கால்பந்தில் ஆளுக்கு ஒரு கோல் போட்டால் சமன். இங்கே ஒருவர் இரண்டு டிரை போட்டு இன்னொருவர் நான்கு பெனால்டி உதைத்தாலும் கணக்கு பெரும்பாலும் நேர்படாது. அதனால்தான் டிரா அபூர்வம். ஐரோப்பாவின் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் ஆண்டுக்கு 15 ஆட்டங்கள். இத்தாலி சேர்ந்து அது ஆறு நாடுகளின் தொடரான 2000-லிருந்து எடுத்துக்கொண்டால், சமனில் முடிந்த ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அபூர்வம் என்பதால் ரசிகர்களுக்குப் பழக்கமும் இல்லை. கால்பந்து ரசிகர் 1-1 என்றால் தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ரக்பி ரசிகருக்கு அந்தப் பயிற்சி கிடையாது. நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ஐந்து நாள் ஆடி நேரம் தீர்ந்துபோய் முடியும் டெஸ்ட் கிரிக்கெட் டிராவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே இரு தரப்பின் புள்ளிகளும் சரிசமம். கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் டை ஆகும்போது வரும் படபடப்புதான் இதற்கு நெருக்கம்.

இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்ட நேரம் 80 நிமிடம். ஆனால் கடிகாரம் 80-ஐத் தொட்டதும் ஆட்டம் நின்றுவிடாது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போக வேண்டும், அல்லது ஏதாவது தவறு நடந்து ஆட்டம் தடைபட வேண்டும். அதுவரை ஆடிக்கொண்டே இருக்கலாம். 80-ஆவது நிமிடத்துக்குப் பிறகும் பெனால்டி கிடைத்தால் ஆட்டம் தொடரும். 2020 அக்டோபரில் வெலிங்டனில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 16-16 என்று நின்றபோது இதன் உச்சத்தைப் பார்த்தோம். ஆஸ்திரேலியாவின் ரீஸ் ஹாட்ஜ் நெடுந்தூரத்திலிருந்து உதைத்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நேரம் தாண்டியும் பல நிமிடங்கள் இரு அணிகளும் மாறி மாறித் தாக்கின. இரண்டு பக்க ரசிகர்களும் பத்து முறை ஜெயித்துப் பத்து முறை தோற்றிருப்பார்கள். அந்த ஆட்டத்தை டிரா என்று ஒற்றைச் சொல்லில் கடப்பது அநியாயம்.

சரி, உணர்வுகளுக்கு வருவோம். இதற்குப் பாடப்புத்தகம் போன்ற ஆட்டம் ஒன்று உண்டு. 2019 மார்ச் 16, லண்டன் ட்விக்கன்ஹாம் அரங்கம், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும். அரை மணி நேரத்தில் இங்கிலாந்து 31-0. நான்கு டிரை, நான்குக்கும் கன்வர்ஷன், ஒரு பெனால்டி. ஸ்காட்லாந்து ரசிகர்களில் பலர் அப்போதே மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். ட்விக்கன்ஹாமில் அதற்கு முன் அவர்கள் கடைசியாக வென்றது 1983-ல். தோல்வி அவர்களுக்குப் புதிதல்ல, இது கொஞ்சம் பெரிய தோல்வி, அவ்வளவுதான்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஸ்காட்லாந்தின் தலைவர் ஸ்டுவர்ட் மெக்கினலி எதிரணியின் உதையைக் கையால் மறித்து, பந்தை எடுத்துக்கொண்டு பாதி மைதானம் ஓடி ஒரு டிரை போட்டார். 31-7. ஆறுதல் பரிசு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இரண்டாம் பாதியில் அடுத்தடுத்து நான்கு டிரைகள். கடைசியாக ஃபின் ரஸ்ஸல், இங்கிலாந்து வீரர் வீசிய பந்தை நடுவழியில் பிடுங்கிக்கொண்டு ஓடியபோது ஸ்கோர் 31-31. அதோடு நிற்கவில்லை. 76-ஆவது நிமிடத்தில் சாம் ஜான்சன் ஆட்களைத் தள்ளிக்கொண்டு கோட்டைக் கடந்தார். ஸ்காட்லாந்து 38, இங்கிலாந்து 31. ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் 38 புள்ளிகள்.

பிறகு நேரம் தாண்டி 83-ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஃபோர்ட் கம்பங்களுக்கடியில் டிரை போட்டு அவரே கன்வர்ஷனும் உதைத்தார். 38-38.

இப்போது சொல்லுங்கள், யார் சந்தோஷப்பட வேண்டும்? 31 புள்ளி பின்தங்கியிருந்து தோற்காமல் வந்த ஸ்காட்லாந்தா? ஆனால் அவர்களிடம் 36 ஆண்டுகளில் முதல் வெற்றி கையில் இருந்தது, மூன்று நான்கு நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் போதும். கடைசி நொடியில் தப்பித்த இங்கிலாந்தா? ஆனால் அவர்கள் 31-0 என்று இருந்தவர்கள். இருவரும் ஆட்டத்தின் ஒரு கட்டத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள், இருவரிடமிருந்தும் அது பறிபோனது. ஸ்காட்லாந்து ரசிகர்கள் பாதி ஆனந்தம், பாதி வயிற்றெரிச்சல் என்று கலந்து அனுபவித்தார்கள். இங்கிலாந்து தரப்பில் அந்தக் கலவைகூட இல்லை. ஏறக்குறைய தோல்வி என்றே எடுத்துக்கொண்டார்கள். மனம் முதலில் எட்டிய உயரத்திலிருந்துதான் இழப்பை அளக்கிறது. 31-0 என்பது வெகு உயரம்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இந்த இரு நாடுகள் மோதும்போது கல்கத்தா கோப்பை என்றொன்று பணயத்தில் இருக்கும். ஆம், நம் கல்கத்தாதான். அங்கே பிரிட்டிஷார் நடத்திய ரக்பி கிளப் 1878-ல் கலைக்கப்பட்டபோது, வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கிச் செய்த கோப்பை அது. நாகப்பாம்பு வடிவில் மூன்று கைப்பிடிகள், மூடியின்மேல் ஒரு யானை. அந்தக் கோப்பைக்காக 1879-ல் எடின்பரோவில் நடந்த முதல் ஆட்டமே டிராதான் என்பது எனக்குப் பிடித்த தகவல். விதி என்னவென்றால், ஆட்டம் சமனானால் கோப்பை ஏற்கெனவே யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இருக்கும். 2018-ல் ஸ்காட்லாந்து வென்றிருந்ததால் 38-38-க்குப் பிறகும் கோப்பை அவர்களிடமே தங்கியது. ஸ்கோர் சமனாக இருந்தும் ஒரு அணி கோப்பையோடு வீடு திரும்புகிறது, இன்னொரு அணி வெறுங்கையோடு. ரசிகர் முகத்தைப் பார்த்தாலே எந்த நாடு என்று சொல்லிவிடலாம்.

டிரா தானாக வந்து விழுந்தால் ஒரு மாதிரி. அணியே அதைத் தேர்ந்தெடுத்தால் வேறு மாதிரி. ரசிகர்கள் நடுவே உண்மையான சண்டை மூளுவது இந்த இரண்டாம் வகையில்தான்.

2022 நவம்பர் 19, மறுபடியும் ட்விக்கன்ஹாம், இங்கிலாந்தும் நியூசிலாந்தும். 71-ஆவது நிமிடம் வரை நியூசிலாந்து 25-6 என்று முன்னிலை. அங்கிருந்து இங்கிலாந்து மூன்று டிரை போட்டது, வில் ஸ்டுவர்ட் இரண்டு, ஃப்ரெடி ஸ்டுவர்ட் ஒன்று. மார்கஸ் ஸ்மித் கடைசிக் கன்வர்ஷனை உதைத்ததும் 25-25. இன்னும் சில நொடிகள் பாக்கி. நியூசிலாந்து பந்தைத் திரும்ப உதைத்து ஆட்டத்தைத் தொடங்க, அது இங்கிலாந்து கைக்கு வந்தது. எதிரணியில் ஒருவர் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்திருக்கிறார். அரங்கமே எழுந்து நிற்கிறது. ஸ்மித் பந்தை வெளியே உதைத்தார். ஆட்டம் முடிந்தது.

அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திய கூட்டத்துக்கு அது குளிர்ந்த நீரை ஊற்றியது போலானது. எதிரணி களைத்துப்போயிருந்தது, ஒரு ஆள் குறைவு, எல்லா வேகமும் நம் பக்கம், ஏன் முயற்சிகூடச் செய்யவில்லை என்பது ஒரு கட்சி. தன் எல்லைக்கு அருகில் பந்தைப் பிடித்து ஓடப்போய் ஒரு தவறு நடந்தால் பெனால்டி, 3 புள்ளி, தோல்வி. 19 புள்ளி பின்தங்கியிருந்தவன் கிடைத்ததைப் பத்திரப்படுத்துவதில் என்ன தப்பு என்பது மறு கட்சி. அப்போதைய பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் வீரர்களின் முடிவை விட்டுக்கொடுக்காமல் பேசினார். நியூசிலாந்து ரசிகர்களுக்கு இந்த விவாதமே தேவைப்படவில்லை. அந்த ஆண்டு சொந்த மண்ணில் அயர்லாந்திடம் தொடரையும் அர்ஜென்டினாவிடம் ஒரு டெஸ்டையும் இழந்திருந்தார்கள். 19 புள்ளி முன்னிலையை ஒன்பது நிமிடத்தில் கரைத்தது அவர்களுக்கு இன்னொரு தோல்விதான்.

என்னைக் கேட்டால் நான் முதல் கட்சி. ஆனால் என் கட்சிக்கு எதிராக ஒரு வலுவான சாட்சி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் என் பக்கத்துச் சாட்சி. 2015 உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. செப்டம்பர் 19 அன்று பிரைட்டனில் ஜப்பான் தென்னாப்பிரிக்காவை எதிர்த்து ஆடியது. இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற அணிக்கு எதிரே, உலகக் கோப்பைகளில் அதுவரை ஒரே ஒரு ஆட்டம் வென்றிருந்த அணி. ஆட்டம் முடியும் தறுவாயில் தென்னாப்பிரிக்கா 32, ஜப்பான் 29. கோட்டுக்கு அருகே ஜப்பானுக்குப் பெனால்டி. உதைத்தால் 32-32, யாரும் நம்ப முடியாத டிரா. தலைவர் மைக்கேல் லீட்ச் உதைக்க மறுத்து ஸ்க்ரம் கேட்டார், அதாவது இரு அணியின் முன்கள வீரர்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளிப் பந்துக்குப் போராடுவது. பந்து கையிலிருந்து கைக்கு மாறி மைதானத்தின் இடது ஓரத்துக்குப் போய், கார்ன் ஹெஸ்கெத் டிரை போட்டார். 34-32. நடுநிலையாளர்கள்கூட அழுத ஆட்டம். இதில் ஒரு வேடிக்கை: அன்று ஜப்பானின் பயிற்சியாளர் இதே எடி ஜோன்ஸ்தான்.

சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 26. ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தும் வேல்ஸும். கடைசி நிமிடங்களில் வேல்ஸ் 28, இங்கிலாந்து 25. இங்கிலாந்துக்குப் பெனால்டி, உதைத்துப் பார்க்கக்கூடிய இடம். உதை நேராகப் போயிருந்தால் 28-28. தலைவர் கிறிஸ் ராப்ஷா வெற்றிக்கே போவது என்று முடிவெடுத்து, பந்தை மூலைக்கு உதைக்கச் சொல்லி லைன்அவுட் எடுத்தார், அதாவது ஓரக்கோட்டிலிருந்து எறியும் பந்தை இரு அணியினரும் வரிசையாக நின்று குதித்துப் பிடிப்பது. வேல்ஸ் வீரர்கள் அவர்களை அப்படியே கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். தோல்வி. அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவிடமும் தோற்று, போட்டியை நடத்தும் நாடே முதல் சுற்றோடு வெளியேறியது.

லீட்ச் செய்ததும் ராப்ஷா செய்ததும் ஒரே காரியம். ஒருவர் நாயகன், இன்னொருவரை ரசிகர்கள் வருடக்கணக்கில் விடவில்லை. இதை வெறும் ஆத்திரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது, கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். உலகக் கோப்பை முதல் சுற்றில் வெற்றிக்கு 4 புள்ளி, டிராவுக்கு 2. நான்கு டிரை போட்டால் கூடுதலாக 1, ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஆறுதலாக 1. அந்தப் பிரிவில் வேல்ஸ் 13 புள்ளியோடு முன்னேறியது, இங்கிலாந்து 11-ல் நின்றது. அந்த ஆட்டம் டிராவாகி, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் வேல்ஸுக்கு 11, இங்கிலாந்துக்கு 12. ஒரு டிரா அவர்களைக் காலிறுதிக்குக் கொண்டுபோயிருக்கும். ரசிகர்கள் அலுத்துக்கொள்ளும் அதே டிராதான்.

டிராவைத் திருவிழாவாகக் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள். சின்ன அணிகளின் ரசிகர்கள். 2007 உலகக் கோப்பையில் கனடாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் டிரை போட்டு, ஓரத்திலிருந்து கடினமான கன்வர்ஷனையும் உதைத்து 12-12 என்று ஜப்பான் முடித்தது. 1991-லிருந்து தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு அது தோல்வி அல்லாத முதல் நாள். 2023-ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் போர்ச்சுகலும் ஜார்ஜியாவும் 18-18 என்று முடித்தார்கள். உலகக் கோப்பையில் போர்ச்சுகல் தோற்காமல் முடித்த முதல் ஆட்டம் அது. ஆனால் அவர்கள் முகத்தில் முழுச் சிரிப்பு இல்லை, ஏனென்றால் கடைசிப் பெனால்டி தவறிப்போயிருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் யாராவது டிரா தருகிறேன் என்றிருந்தால் வாங்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். 80 நிமிடம் கழித்து அதே டிரா போதவில்லை.

இத்தாலியின் கதை இதைவிடக் கூர்மையானது. 2023 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அவர்களை 60-7 என்று நொறுக்கியது. நான்கே மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், சிக்ஸ் நேஷன்ஸுக்காக பிரான்ஸின் லீல் நகரில் மறுபடி சந்தித்தார்கள். பிரான்ஸின் ஒரு வீரர் சிவப்பு அட்டை வாங்கியிருக்க, இத்தாலி பின்னாலிருந்து வந்து 13-13 என்று எட்டிப்பிடித்தது. ஆட்டத்தின் கடைசிச் செயலாக இத்தாலிக்குப் பெனால்டி. பவ்லோ கர்பீசி உதைக்க வருகிறார். பெனால்டி உதைக்க 60 நொடிதான் அவகாசம், திரையில் கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். நொடிகள் தீரும் நேரத்தில் தாங்கியிலிருந்து பந்து உருண்டு விழுந்தது. பிரான்ஸ் வீரர்கள் முன்னே ஓடிவர, அவர் அவசர அவசரமாகப் பந்தை நிமிர்த்தி உதைத்தார். கம்பத்தில் பட்டு வெளியே போனது.

பிரான்ஸ் மண்ணில் சிக்ஸ் நேஷன்ஸில் அதுவரை ஒருமுறைகூடத் தோற்காமல் திரும்பாத இத்தாலிக்கு இது சாதனை. ஆனால் இத்தாலிய ரசிகர்கள் பேசியதெல்லாம் அந்தக் கம்பத்தைப் பற்றியும், எதிரணி முன்னே ஓடிவந்ததை நடுவர் கண்டிக்கவில்லையே என்பதைப் பற்றியும்தான். பெனால்டி உதைக்கும்போது எதிரணி அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. பிரான்ஸ் ரசிகர்களுக்கோ தோற்காத நிம்மதியைவிட இத்தாலியிடம் இப்படித் திணறினோமே என்ற கூச்சம் பெரிது. 60-7 வென்ற அணிக்கு 13-13 கசக்காமல் இருக்குமா? ஒரு டிராவில் இரண்டு தரப்புமே தோற்ற மாதிரி உணர்வது இப்படித்தான் சாத்தியமாகிறது.

அயர்லாந்து ரசிகர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். ஆல் பிளாக்ஸை அவர்கள் முதன்முதலாக வென்றது 2016-ல், சிகாகோவில். அதுவரை அவர்களிடம் இருந்த ஒரே ஆறுதல் 1973-ல் டப்ளினில் கிடைத்த 10-10. கடைசி நேரத்தில் டாம் கிரேஸ் மூலையில் டிரை போட்டுச் சமன் செய்ய, வெற்றிக்கான கன்வர்ஷன் மயிரிழையில் தவறியது. 2013-ல் இன்னொரு வாய்ப்பு வந்தது. நேரம் முடிந்தபின் நியூசிலாந்து டிரை போட்டு 22-22. கன்வர்ஷன் தவறியது. டிரா என்று அரங்கம் மூச்சுவிடும்போது, உதைக்கும் முன்பே அயர்லாந்து வீரர்கள் பாய்ந்துவிட்டார்கள் என்று நடுவர் மறுபடி உதைக்கச் சொன்னார். ஆரன் குரூடன் இரண்டாம் முறை தவறவிடவில்லை. 24-22. நாள் முழுக்க முன்னிலையில் இருந்துவிட்டு, போதாத டிராவும் கிடைக்காமல் போன ரசிகரிடம் போய் டிரா கசக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி 2017 ஈடன் பார்க்கில் நடந்த அந்தத் தகராறு. டிராவுக்குப் பிறகு ரசிகர்கள் அதிகம் விவாதிப்பது நடுவரைப் பற்றித்தான், ஏனென்றால் ஆட்டம் சமனில் முடிந்தால் எந்த ஒரு முடிவும் ஆட்டத்தின் முடிவாகிவிடும். 15-12 என்று பின்தங்கிய லயன்ஸுக்கு ஓவன் ஃபாரெல் பெனால்டி உதைத்துச் சமன் செய்தார். சில நிமிடமே பாக்கி. நியூசிலாந்து பந்தை உயர உதைத்துத் தொடங்கியது. லயன்ஸின் லியம் வில்லியம்ஸ் குதித்துப் பிடிக்கப் பார்க்க, பந்து அவர் மேல் பட்டு முன்னே போனது. அவருக்கு முன்னால் நின்ற கென் ஓவன்ஸ் அதைப் பிடித்துவிட்டு, சுட்டது போலக் கைவிட்டார்.

தன் அணி வீரர் கடைசியாகத் தொட்ட பந்துக்கு முன்னால் நிற்பவர் ஆஃப்சைடு. அவர் தெரிந்தே அதை ஆடினால் பெனால்டி. ஒதுங்க வழியில்லாமல் பந்து அவர் மேல் பட்டால் அது தற்செயல் ஆஃப்சைடு, வெறும் ஸ்க்ரம்தான். நடுவர் ரொமேன் புவாத் முதலில் பெனால்டிக்குக் கை காட்டினார். உதைக்கக்கூடிய தூரம், போனால் தொடரே நியூசிலாந்துக்கு. பிறகு திரையில் பார்த்து, உதவி நடுவர்களோடு பேசி, முடிவை ஸ்க்ரம் என்று மாற்றினார். நியூசிலாந்து ரசிகர்கள் கொதித்தார்கள்: பிடித்தது கையால், அது எப்படித் தற்செயல்? லயன்ஸ் தரப்பின் வாதம்: பந்து நெஞ்சுக்கு நேரே வந்தால் கை தானாக நீளும், அதோடு வில்லியம்ஸ் காற்றில் இருக்கும்போது கீரன் ரீட் அவரை இடித்தார், அதையும் பாருங்கள். விதிப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் நியூசிலாந்துக்காரர்கள் பக்கம்தான் வலு அதிகம் என்பேன். ஆனால் லயன்ஸ் ரசிகர்களின் நிம்மதிக்கும் காரணம் உண்டு. அந்த ஆட்டத்தில் அவர்கள் அணி ஒரு கணம்கூட முன்னிலையில் இல்லை. 1994-க்குப் பிறகு ஆல் பிளாக்ஸ் தோற்றிராத மைதானம் அது.

யாருமே ஆடாமல் வந்த டிராக்களும் உண்டு. 2019-ல் ஜப்பானில் நடந்த உலகக் கோப்பையின்போது ஹகிபிஸ் புயலால் மூன்று ஆட்டங்கள் ரத்தாயின. எல்லாமே 0-0 டிரா என்று பதிவு செய்து ஆளுக்கு 2 புள்ளி கொடுத்தார்கள். நியூசிலாந்தை வென்றால் மட்டுமே வழி என்றிருந்த இத்தாலி, மைதானத்தில் கால் வைக்காமலே வெளியேறியது.

இவ்வளவு தலைவலி எதற்கு, கூடுதல் நேரம் கொடுத்து முடிவைக் கண்டுவிடலாமே என்று ஒவ்வொரு டிராவுக்குப் பிறகும் யாராவது கேட்பார்கள். வென்றே தீர வேண்டிய சுற்றுகளில் அது ஏற்கெனவே உண்டு. 1995 உலகக் கோப்பை இறுதி 9-9 என்று நின்று, கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கியின் டிராப் கோலில் தென்னாப்பிரிக்கா 15-12 என்று வென்றது. 2003 இறுதி 14-14 என்று நின்று, ஜானி வில்கின்சனின் டிராப் கோலில் இங்கிலாந்து 20-17. சிக்ஸ் நேஷன்ஸ் போன்ற தொடர்களிலும் தனி டெஸ்ட்களிலும் அதைக் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். இப்படி உடல் நொறுங்க ஆடும் ஆட்டத்தில் 80 நிமிடத்துக்குப் பிறகு இன்னும் 20 நிமிடம் என்பது சின்ன விஷயமில்லை. கூடுதல் நேரத்திலும் முடிவு வராவிட்டால் கடைசியில் உதைப் போட்டிதான். ஆண்கள் உலகக் கோப்பையில் இதுவரை அந்த அளவுக்குப் போனதில்லை.

கிளப் ஆட்டங்களில் போயிருக்கிறது. 2009-ல் கார்டிஃப் நகரில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. கார்டிஃப் புளூஸும் லெஸ்டரும் 26-26. கூடுதல் நேரத்திலும் மாற்றமில்லை. கம்பங்களுக்கு நேரே நின்று ஆளுக்கொருவராக உதைக்க வேண்டும். முறைப்படி உதைப்பவர்கள் எல்லாரும் தீர்ந்துபோய், முன்களத்தில் முட்டி மோதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பந்தை எடுக்க வேண்டி வந்தது. வேல்ஸின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவரான மார்ட்டின் வில்லியம்ஸ் உதைத்தது விலகிப்போனது. லெஸ்டரின் ஜோர்டன் கிரேன் உதைத்தது உள்ளே போனது. வென்ற அணியின் ரசிகர்களிலேயே பலருக்கு அந்த முறை பிடிக்கவில்லை. 2022-ல் டப்ளினில் மன்ஸ்டரும் துலூஸும் 24-24 என்று முடித்தபோது விதி மாறியிருந்ததால், தேர்ந்த உதைக்காரர்கள் மூன்று பேரை மட்டும் அனுப்பினார்கள். துலூஸ் 4-2 என்று வென்றது. மன்ஸ்டர் ரசிகர்களுக்கு அது இன்னும் அநியாயமாகத்தான் படுகிறது.